இரண்டங்குலத் தந்தம்

நம்மிடையே ஒரு பாராட்டுச் சொல் புழக்கத்துக்கு வந்து, தேய்ந்து, செல்லாக் காசாகிவிட்ட பிறகும் கைமாறிக்கொண்டிருக்கிறது. எட்டு வரிக்குள் முடிகிற எந்தக் கவிதையையும் 'மினியேச்சர்' என்கிறோம். சிற்றோவியம் என்கிறோம். கொஞ்சம் ஆங்கிலம் படித்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், தந்தத்தில் தீட்டியது என்கிறார்கள். சொல்லிவிட்டால் விமர்சகனின் வேலை முடிந்தது. கவிஞனும் மகிழ்ந்துபோகிறான். கவிதை ஏன் எட்டு வரியோடு நின்றது, நின்றதால் எதை வெளியே விட்டது, யாருக்காக அப்படி நின்றது என்று யாரும் கேட்பதில்லை. சிறியதாக இருப்பதே ஒரு குணம் என்று தீர்மானமாகிவிட்டது.

இதை நான் மறுக்கிறேன். மறுப்பதற்குக் கவிதைகளை எடுத்துக்கொள்ளப் போவதில்லை; எடுத்தால் ஆள்சண்டை வந்துவிடும், விஷயம் போய்விடும். உவமானத்தையே எடுத்துக்கொள்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டில் நாகரிகச் சீமாட்டிகளின் முகங்களைத் தந்தத் தகட்டில் தீட்டி, மேலே கண்ணாடி போட்டு, தங்கத்தில் பதித்தார்களே, அந்தப் பொருள் எதற்காக உண்டாயிற்று? அது ஏன் அவ்வளவு சிறியதாக இருந்தது? இதற்குப் பதில் தெரிந்துகொண்ட பிறகும் யாராவது அந்த உவமானத்தைப் பயன்படுத்த விரும்பினால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

உவமானத்தின் ஊற்று ஆங்கில பி.ஏ. வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரிந்ததுதான். 1816 டிசம்பரில் ஜேன் ஆஸ்டின் தன் அண்ணன் மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தப் பையனும் நாவல் எழுத முயன்றுகொண்டிருந்தான். அவனுடைய கையெழுத்துப் பிரதியில் இரண்டரை அத்தியாயம் காணாமற்போயிற்று. நான் திருடியிருக்க முடியாது, உன் வேகமும் வண்ணமும் நான் வேலை செய்கிற இரண்டங்குலத் தந்தத்தில் எப்படிப் பொருந்தும் என்கிற ரீதியில் அத்தை அவனைக் கேலி செய்கிறார். எவ்வளவோ பாடுபட்டும் பலன் கொஞ்சம்தான் என்று தன்னையும் சேர்த்தே கேலி செய்துகொள்கிறார். மறு ஆண்டு ஜூலையில் அவர் இறந்துபோனார். அந்த டிசம்பரில், அச்சாகாமல் இருந்த இரண்டு நாவல்களைச் சேர்த்து வெளியிட்டபோது, அவருடைய அண்ணன் ஹென்றி எழுதிய வாழ்க்கைக் குறிப்பின் பின்குறிப்பில் இந்த வரி எடுத்துப் போடப்பட்டது. கேலி அன்றே செத்தது. ஒரு பையனைத் தேற்ற எழுதிய வார்த்தை அழகியல் கொள்கையாயிற்று. இருநூறு வருஷங்களாக ஆஸ்டினின் விமர்சகர்கள் அதைச் சொல்லிப் பிழைத்தார்கள். இப்போது நாமும் பிழைக்கிறோம்.

ஆஸ்டினுக்குத் தந்தம் வெறும் உவமானமாக இருந்ததா? அவர் குடும்பத்திலேயே அப்படி ஒரு தந்தத் துண்டு இருந்தது. அதன் கதை நம்மூர்க் கடற்கரையில் தொடங்குகிறது.

ஆஸ்டினின் தகப்பனாருக்கு பிலடெல்ஃபியா என்று ஓர் அக்கா. பெற்றோரை இழந்தவள். பதினைந்து வயதில், 1745இல், லண்டன் காவென்ட் கார்டனில் சீமாட்டிகளுக்குத் தொப்பியும் தலையலங்காரமும் தைத்து விற்கிற ஒருத்தியிடம் தொழில் பழகச் சேர்த்துவிடப்பட்டாள். அதாவது நாகரிகத்தை உடுப்பவளாக அல்ல, உடுப்பவர்களுக்குத் தைத்துக் கொடுப்பவளாக வாழ்க்கையைத் தொடங்கினாள். 1752 ஜனவரியில், இருபத்தோரு வயதில், சென்னைக்குக் கப்பலேறினாள். வந்திறங்கியது ஆகஸ்டில். வரதட்சணை இல்லாத இங்கிலீஷ் பெண்கள் எதற்காகக் கிழக்கே கப்பலேறினார்கள் என்பது அன்று ரகசியம் அல்ல. கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்குப் பெண் கிடைக்கவில்லை, இவர்களுக்கு மாப்பிள்ளை கிடைக்கவில்லை. 1753 பிப்ரவரியில் கடலூரில் கம்பெனி ஸர்ஜன் டைஸோ ஸால் ஹான்காக்குக்கும் அவளுக்கும் கல்யாணம் நடந்தது. பிறகு கல்கத்தா. 1761இல் எலைசா என்று ஒரு பெண் குழந்தை. வாரன் ஹேஸ்டிங்ஸ் ஞானத்தந்தை.

வம்பும் உடனே பிறந்தது. குழந்தை யாருடையது என்று கல்கத்தா பேசியது. 1765இல் கிளைவ் தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், திருமதி ஹான்காக்கோடு பழக வேண்டாம் என்று எச்சரிக்கிற அளவுக்கு அந்தப் பேச்சு இருந்தது. நிரூபணம் எதுவும் இல்லை. ஹேஸ்டிங்ஸ் பின்னால் எலைசாவுக்காகப் 10,000 பவுன் ஒதுக்கி வைத்தார் என்பது மட்டும் ஆவணம்.

1765இல் குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. சம்பாதித்தது கரைந்தது. சில வருஷங்களில் ஹான்காக் மனைவியையும் மகளையும் லண்டனில் விட்டுவிட்டு மறுபடி வங்காளத்துக்குப் போனான். 1775 நவம்பரில், கடனோடு, அங்கேயே செத்தான். அவனுடைய உயிலில் ஒரு பொருள் வருகிறது: ஸ்மார்ட் தீட்டிய பிலடெல்ஃபியாவின் சிற்றோவியம், சுற்றிலும் வைரம் வைத்து மோதிரமாகக் கட்டியது. அதை மகளுக்குக் கொடுக்கிறான். ஒருபோதும் அவள் அதைக் கைவிடக் கூடாது, தாயின் உருவத்தை மட்டுமல்ல, நற்குணங்களையும் அது நினைவூட்ட வேண்டும் என்று எழுதுகிறான்.

மோதிரம். தந்தத்தின் அளவு என்ன என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? மோதிரத்துக்குள் அடங்க வேண்டியிருந்ததால் அது சிறியது. விரலில் இருக்க வேண்டியிருந்ததால், ஒரு முகத்தைக் கடல் தாண்டிக் கொண்டுபோக வேண்டியிருந்ததால், ஒருவன் மட்டும் பார்த்தால் போதும் என்பதால் சிறியது. 'நுட்பம்' என்றும் 'செறிவு' என்றும் 'சொல்லாமல் சொல்வது' என்றும் நாம் அடுக்குகிற லக்ஷணங்களில் ஒன்றுகூட இந்தச் சிறுமைக்குக் காரணமில்லை. லண்டனில் இருந்து கல்கத்தாவுக்கு எழுதிய கேள்விக்குப் பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிற காலத்தில், அந்தத் தூரத்தைத் தாங்குவதற்கென்று செய்த கருவி அது. அதன் அளவு தூரத்தின் அளவு.

அந்த உயில் வாசகத்தைத் திரும்பப் படியுங்கள். ஊரே குணத்தைப் பற்றிச் சந்தேகப்பட்ட மனைவியின் படத்தை, அவளுடைய குணங்களுக்குச் சாட்சி என்று சொல்லி, ஊர் யாருடைய பெண் என்று கேட்டதோ அந்தப் பெண்ணுக்கே ஒருவன் எழுதிவைக்கிறான். இதில் மென்மையைக் காண்கிறவர்கள் காணட்டும். எனக்கு இதில் பிடிவாதம் தெரிகிறது. அவமானத்தைக் கையில் போட்டுக்கொண்டு திரிந்த ஒருவனின் பதில் தெரிகிறது. இவ்வளவும் இருந்தது அந்தத் தகட்டில். இப்போது அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? 'என்ன நேர்த்தி!'

இங்கே என் நண்பர்களில் ஒரு சாரார் எழுந்து நிற்பார்கள். இதெல்லாம் வாழ்க்கை வரலாறு, கலைக்கு வெளியே உள்ள விஷயம், படைப்பு தன்னளவில் நிற்க வேண்டும் என்பார்கள். இந்தப் பாடத்தை நானும் கல்லூரியில் படித்தவன்தான். அமெரிக்கப் பேராசிரியர்கள் கவிதையைத் தாழியாகவும் பிரதிமையாகவும் ஆக்கி, எழுதினவனையும் படித்தவனையும் அறைக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திய பாடம். அதனால் ஒரு நன்மை உண்டானது: வரிகளைப் பார்க்கப் பழகினோம். ஆனால் சிற்றோவியத்தின் முன்னால் அந்தப் பாடம் திணறுகிறது. ஏனென்றால் இது தன்னளவில் நிற்பதற்காகச் செய்யப்பட்ட பொருளே அல்ல. ஒருவர் கைக்குள் இருப்பதற்காகச் செய்யப்பட்டது.

இந்தத் தர்க்கத்தின் கடைசி எல்லைக்கு அந்தக் காலத்து நாகரிகமே போயிற்று. 1785இல் வேல்ஸ் இளவரசன், சட்டப்படி மணந்துகொள்ள முடியாத மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட்டுக்குத் தன் ஒற்றைக் கண்ணை மட்டும் வரையச் செய்து அனுப்பினான். வரைந்தது ரிச்சர்ட் காஸ்வே என்பார்கள். முகம் இல்லை, மூக்கு இல்லை, ஒரு கண். அதன் பிறகு ஒற்றைக் கண் ஓவியங்கள் மோஸ்தராகிப் பரவின. அது யாருடைய கண் என்று அதை வாங்கிக்கொண்ட ஆளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பதே அதன் வடிவம். உலகத்தில் ஒரே ஒரு வாசகருக்காகச் செய்யப்பட்ட கலை. அந்த வாசகர் செத்ததும் அது வெறும் கண்.

முழு முகங்களுக்கும் அதே கதிதான். உலகத்து மியூசியங்களில் இந்தச் சிற்றோவியங்களின் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால் 'ஒரு மாதின் உருவம்' என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். ஓவியரின் பெயர் இருக்கும். வருஷம் இருக்கும். பெண்ணின் பெயர் இராது. பெயர் எழுத வேண்டிய அவசியம் இருக்கவில்லை, வைத்திருந்தவருக்குத் தெரியும். தகட்டின் பின்புறத்தில், கண்ணாடிக்கு அடியில், பெரும்பாலும் ஒரு கற்றை தலைமயிர் பின்னிவைக்கப்பட்டிருக்கும். பெயருக்குப் பதிலாக மயிர். பேரப்பிள்ளைகள் காலத்தில் பெயர் போயிற்று. ஏலத்துக்கு வந்தபோது மயிர் மட்டும் மிஞ்சியது. நாம் 'உலகப் பொதுவான பெண்மை' என்று சிலாகிப்பது இந்த மறதியைத்தான்.

இந்த இடத்தில் இன்னொரு சாரார் கைதட்டுவார்கள். கையைச் சற்றுக் கீழே இறக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும்: இது சுரண்டலின் ஆபரணம், கம்பெனிக் கொள்ளையின் மிச்சம், இதில் பார்க்க என்ன இருக்கிறது. அவர்கள் தரப்பை அவர்களைவிட நன்றாகவே நான் எடுத்துச்சொல்ல முடியும். ஸ்மார்ட்டையே எடுத்துக்கொள்ளலாம்.

ஜான் ஸ்மார்ட், ஹான்காக்கின் மோதிரத்துக்கான முகத்தைத் தீட்டியவர், 1785இல் கம்பெனியின் அனுமதியோடு சென்னைக்கே வந்தார். பத்து வருஷம் இருந்தார். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவையும் அவர் பிள்ளைகளையும் தீட்டினார். கோட்டை அதிகாரிகளையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் தீட்டினார். அவர் வந்த அதே 1785இல், பிப்ரவரி மாதம், லண்டன் பார்லிமென்டில் எட்மண்ட் பர்க் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பேசினார். நவாபுக்குக் கடன் கொடுத்தவர்கள் கம்பெனி உத்தியோகஸ்தர்களே. கடனுக்கு ஈடு சீமைகளின் நில வரி. வரி வசூலாகி வட்டியாகும். வட்டி அசலோடு சேர்ந்து புதுக் கடனாகும். அந்தக் கடனுக்கு மறுபடி வரி. பகலெல்லாம் வட்டிக் கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த யந்திரம் எப்படிச் சுழலும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சென்னையில் சிற்றோவியத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் எல்லோரும் நவாபின் கடன்காரர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் ஊரில் புரண்ட பணம் அந்தப் பணம்.

இன்னும் சொல்லலாம். 1780இல் ஹைதர் அலியின் படைகள் கர்நாடகத்துக்குள் இறங்கின. போரும் பஞ்சமும் சேர்ந்து வந்தன. 1782இல் சென்னைக் கோட்டைக்கு வடக்கே பட்டினி கிடந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம்தான் மணியக்கார சத்திரம். அதன் நினைவாகவே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று பெயர் வழங்கியது. கஞ்சி ஊற்றத் தொடங்கி மூன்று வருஷத்தில் ஸ்மார்ட் தன் தூரிகைகளோடு வந்திறங்குகிறார். அவருடைய பெண்கள் தலையில் மாவுப் பொடி தூவியிருக்கிறார்கள். அன்றைய மோஸ்தர் அது, பொடி மாவுச்சத்தில் செய்தது. உடம்பில் மஸ்லின். அந்த மெல்லிய வெள்ளை உடையை 1783இல் பிரெஞ்சு ராணி மேரி அந்துவானெத் உடுத்திய கோலத்தில் விஜே லெ ப்ரன் தீட்டிப் பாரிஸ் கண்காட்சியில் வைத்தபோது, ராணி உள்ளுடையோடு நிற்கிறாள் என்று கூச்சல் கிளம்பிப் படத்தை எடுக்க வேண்டியதாயிற்று. இங்கிருந்து போன துணி அங்கே மோஸ்தராகி இங்கேயே திரும்பி வந்தது. துணி வியாபாரத்துக்காக எழும்பிய கோட்டையில் உட்கார்ந்து ஒருத்தி அதை உடுத்திக்கொண்டு படம் எழுதிக்கொண்டாள்.

எல்லாம் உண்மை. ஆனாலும் இது விமர்சனம் ஆகாது. காரணம் எளியது. இந்த விளக்கம் அன்றைய எந்தப் பொருளுக்கும் பொருந்தும். பல்லக்குக்குப் பொருந்தும், சாராயக் கோப்பைக்குப் பொருந்தும், குதிரை வண்டிக்குப் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற விளக்கம் இந்த ஒன்றைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று அர்த்தம். 1993இல் எட்வர்ட் ஸயீத் ஆஸ்டினின் மான்ஸ்ஃபீல்ட் பார்க்கில் ஆன்டிகுவாத் தோட்டங்களின் நிழலைச் சுட்டிக்காட்டினார். அவர் நாவலைப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டுச் சுட்டினார். நம்மவர்கள் அவரை ஒரு ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாவலைத் திறக்காமலே குத்தலாம். முதல் சாராருக்கு 'அழகு' எப்படியோ, இவர்களுக்கு 'வரலாறு' அப்படி: பார்க்காமல் இருப்பதற்கு ஒரு வழி.

பார்க்கத்தான் வேண்டும். தந்தத்தில் எழுதுவது சுலபமான காரியம் அல்ல. அதற்கு முன்னால் கன்றுத் தோலில் எழுதினார்கள். 1700ஐ ஒட்டி வெனிஸில் ரோஸால்பா காரியேரா என்ற பெண் தந்தத்துக்கு மாற, சில வருஷத்தில் அது இங்கிலாந்துக்கும் வந்தது. தந்தத்தில் எண்ணெய்ப் பசை உண்டு. நீர்வண்ணம் ஒட்டாமல் வழுக்கும். நுரைக்கல் பொடியால் தேய்த்து, சூடுகாட்டிப் பசையை எடுத்து, கோந்து கலந்த வண்ணத்தைப் பொட்டுப் பொட்டாக, கீற்றுக் கீற்றாக வைக்க வேண்டும். வண்ணம் மெல்லியதாக இருந்தால் அடியிலுள்ள தந்தம் ஒளி விடும். அந்த ஒளிதான் சருமம். இதை நன்றாகக் கவனியுங்கள்: அந்தச் சீமாட்டியின் கன்னத்தில் நாம் காண்கிற உயிர்க்களை வண்ணத்தில் இல்லை, யானையில் இருக்கிறது.

இங்கிலாந்தில் 2018இல் தந்த வியாபாரத்தைத் தடுத்து ஒரு சட்டம் செய்தார்கள். அதில் சில விலக்குகள். 1918க்கு முன் செய்யப்பட்ட, 320 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத உருவச் சிற்றோவியங்களுக்குத் தடை இல்லை. அவற்றின் மதிப்பு ஓவியத்தில் இருக்கிறது, தந்தத்தில் இல்லை என்பது சொல்லப்படுகிற நியாயம். யானையைக் காப்பாற்றச் செய்த சட்டத்தில் இது ஒரு சின்ன விஷயம், போகட்டும். ஆனால் அந்த நியாயத்துக்குள் நம் விமர்சனத்தின் பழைய நோய் அப்படியே இருக்கிறது. ஓவியம் வேறு, தந்தம் வேறாம். வடிவம் வேறு, அது எதன்மேல் நிற்கிறதோ அது வேறாம். கன்னத்தின் ஒளி எங்கிருந்து வருகிறது என்று ஒரு தரம் பார்த்தவன் இப்படிப் பேசமாட்டான். அழகைப் பார்க்கிறவன் கண்ணுக்கும் யானை தெரிய வேண்டும். யானையைப் பற்றிப் பேசுகிறவன் கண்ணுக்கும் கன்னம் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

இனி முகம். ஸ்மார்ட்டின் காலத்தில் லண்டனின் செல்லப்பிள்ளை காஸ்வே. காஸ்வேயின் பெண்களுக்குக் கண்கள் பெரிதாகும்; தந்தத்தைப் பெரும்பாலும் வெறுமையாக விட்டு, பின்னால் நீல வானமும் மேகமும் இழைய விடுவார். எல்லோரும் பாதி தேவதைகள். ஸ்மார்ட்டிடம் வானம் அரிது. சாம்பலோ பழுப்போ கலந்த ஒரு பின்புலம். முகத்தை அங்குலம் அங்குலமாக, அடர்த்தியாக, கஞ்சத்தனம் இல்லாமல் எழுதி முடிப்பார். கண்ணோரச் சுருக்கத்தை விடமாட்டார். இரட்டை நாடியை மறைக்கமாட்டார். உதட்டோரத்தில் ஒரு லேசான இறுக்கம், சிரிப்பாகவும் இருக்கலாம், வாடிக்கையாளர் பொறுமை இழந்ததாகவும் இருக்கலாம். தலையலங்காரமும் துணியும் மோஸ்தருக்குச் சேர்ந்தவை. அவற்றில் ஓவியர் சொல்வதற்கு எதுவுமில்லை. முகம் மட்டும் மோஸ்தருக்கு எதிராக நிற்கிறது. காசு வாங்கிக்கொண்டு, முகஸ்துதியே தொழிலான ஒரு தொழிலில், ஒருவர் இப்படி எழுதினார் என்பது சாமான்யமா?

ஏன் அப்படி எழுதினார் என்பதற்கு அந்த ஒற்றை வாசகரே காரணம் என்று நினைக்கிறேன். கண்காட்சியில் தொங்குகிற படத்துக்குப் பொய் சொல்லலாம். பார்க்கிறவனுக்கு அந்தப் பெண்ணைத் தெரியாது. கல்கத்தாவில் விரலில் போட்டிருக்கிற ஹான்காக்கிடம் எப்படிப் பொய் சொல்வது? அவனுக்கு அந்தக் கண்ணோரச் சுருக்கம் தெரியும். அது இல்லாவிட்டால் அது அவள் இல்லை. காஸ்வேயும் ஒற்றை வாசகர்களுக்குத்தான் எழுதினார் என்று யாராவது சொல்லலாம். உண்மைதான், காதலனுக்குப் பெரிய கண் போதும். பிரிந்திருக்கிற புருஷனுக்குச் சுருக்கம் வேண்டும். ஸ்மார்ட்டின் சிறுமைக்குள் இருக்கிற கறார் அங்கிருந்து வருகிறது.

ஸ்மார்ட் தன் ஓவியங்களில் 'ஜே.எஸ்.' என்று தலைப்பெழுத்துகளைப் போட்டு வருஷத்தையும் போடுவார். சென்னையில் இருந்த காலத்தில் அதற்குக் கீழே இன்னொரு எழுத்தும் சேர்ந்தது: 'ஐ'. இந்தியா என்பதன் முதல் ஆங்கில எழுத்து. 1795இல் லண்டன் திரும்பியதும் அந்த எழுத்து போய்விட்டது. கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே என் உத்தியோகத்தில் ஒரு பகுதி. எந்தக் கையெழுத்திலும் இவ்வளவு சிக்கனமான ஒப்புதலை நான் பார்த்ததில்லை. நவாபின் கடனும், கஞ்சித்தொட்டியும், ஏழு மாதக் கப்பலும், கோட்டைக்குள் பொடி தூவிய தலைகளும் அந்த ஒரு கோட்டுக்குள் நிற்கின்றன. ஸ்மார்ட் இதையெல்லாம் நினைத்துப் போட்டார் என்று சொல்லவில்லை. சரக்கு எங்கே செய்யப்பட்டது என்று குறித்தார், அவ்வளவுதான். ஆனால் குறித்தார். தான் எங்கே உட்கார்ந்து எழுதுகிறோம் என்பதை மறைக்கவில்லை.

இப்போது ஆஸ்டினிடம் திரும்பலாம். தன் உலகம் இரண்டங்குலம் என்று சொன்ன பெண்மணிக்கு அந்த இரண்டங்குலத்துக்கு வெளியே என்ன இருந்தது என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். 1792இல், பதினாறு வயதில், அவர் எழுதி முடிக்காமல் விட்ட 'கேத்தரின்' என்ற கதையில், அநாதையான ஒரு பெண்ணை வங்காளத்துக்கு அனுப்பி, அங்கே பிடிக்காத ஒருவனுக்குக் கட்டிவைக்கிறார்கள். பிலடெல்ஃபியா அத்தை செத்த வருஷமும் அதுதான். எலைசாவின் முதல் புருஷனை 1794இல் பாரிஸில் கில்லட்டினில் வெட்டினார்கள். 1797இல் எலைசா மறுமணம் செய்துகொண்டது ஆஸ்டினின் அண்ணன் ஹென்றியை. அதே ஹென்றி, தந்தத்து வரியை அச்சுக்குக் கொண்டுவந்தவர். மோதிரத்துக்கு வாரிசான பெண்ணின் புருஷன்தான் மோதிரத்தை மறந்துவிட்டுத் தந்தத்தை அழகியலாக்கியவர் என்பதைவிடப் பெரிய கேலியை ஆஸ்டினாலேயே எழுதியிருக்க முடியாது.

கடலூர்க் கல்யாணமும், கல்கத்தா வம்பும், கில்லட்டினும் வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருக்க, ஆஸ்டின் மூன்று நான்கு குடும்பங்களைப் பற்றி எழுதினார். தெரிந்து விட்டார். எதை விடுகிறோம் என்ற பிரக்ஞையோடு விட்டார். அதனால்தான் அந்தச் சின்ன வரவேற்பறைகளில் கல்யாணப் பேச்சு எடுத்தாலே பணத்தின் சத்தம் கேட்கிறது. பெண்ணுக்கு வேறு வழி இல்லை என்பது தெரிகிறது. விட்டது எழுதியதன்மேல் பாரமாக அழுத்துகிறது. அந்த அழுத்தத்துக்குப் பெயர்தான் செறிவு. வார்த்தை குறைவுக்கு அல்ல.

நான் சொல்லவந்தது இதுதான். சிறுமை என்பது ஒரு குணம் இல்லை. அது ஓர் அளவு, ஒவ்வொரு அளவுக்கும் ஒரு காரணம் உண்டு. மோதிரத்துக்கு இருந்தது. ஆஸ்டினுக்கு இருந்தது. நம் குறுங்கவிதைகளில் எத்தனைக்கு இருக்கிறது? பலவற்றில் கவிஞனுக்கு எட்டு வரிக்கு வெளியே எதுவும் தெரியாது. அதனால் எட்டு வரியோடு நின்றுவிடுகிறான். ஒரு பறவை, ஒரு ஜன்னல், ஒரு மௌனம். எதையும் விடவில்லை, ஏனெனில் விடுவதற்கு எதுவும் இருக்கவில்லை. இதை நாம் தந்தம் என்கிறோம். பின்புறம் மயிர் இல்லாத தந்தம்; எந்தக் கைக்கும் அனுப்பப்படாதது; கீழே 'ஐ' போடாதது.

இந்த நோய் கவிதையோடு நிற்கவில்லை என்பதுதான் என் கவலை. நம் பத்திரிகைகளின் பெயரிலேயே 'சிறு' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1959இல் 'எழுத்து' தொடங்கியபோது அது சிறியதாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. பெரிய பத்திரிகைகள் கண்ணெடுத்தும் பார்க்காத கவிதையும் விமர்சனமும் இருந்தன. அவற்றுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்துக்குக் கிடைத்த பணம் அவ்வளவுதான். சிறுமை அன்று ஒரு நிர்ப்பந்தத்தின் அளவு. இன்று அதையே ஒரு குலச்சின்னமாக அணிந்துகொண்டு திரிகிறோம். நூறு பேர் படிப்பதைப் பெருமையாகச் சொல்கிறோமே, அந்த நூறு பேரில் ஒருவருக்காவது கண்ணோரச் சுருக்கம் தெரியுமா? பொய் எழுதினால் பொய் என்று கண்டுகொள்ளக்கூடிய அந்த ஒற்றை வாசகருக்காக எழுதுகிறோமா, அல்லது ஒருவருக்கொருவர் கண்களைப் பெரிதாக்கி, பின்னால் நீல வானம் தீட்டிக்கொண்டிருக்கிறோமா?

அடுத்த இதழிலும் யாராவது ஒரு தொகுப்புக்கு மதிப்புரை எழுதுவார். எழுதட்டும். 'தந்தத்தில் தீட்டிய சிற்றோவியம்' என்ற வரிக்குப் பேனா போகும்போது ஒரு நிமிஷம் நிறுத்தி, அந்தத் துண்டைத் திருப்பி, பின்புறம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதட்டும்.